அந்நியப் பொருள்: இரண்டு

மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
வளையத்துக்குள் எமிலியானுஸ்,
குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு முறை,
வயது ஐம்பத்தெட்டு.
முதுகைக் கிழித்துக்கொண்டு ஏதோ இறங்கினது என்றவர்
அந்த நோவுக்குள்ளும்
கம்பிரசரை ஆர் பாக்கிறது என்றே கேட்டார்.

மூச்சை விடுங்கோ.

படம் சீவல் சீவலாய் வந்தது.
பெருநாடி தன் உள்தோலை உரித்து வைத்திருந்தது
சின்ன வெங்காயம் போல.
ஒரு குழாய்க்குள் இரண்டு வழி:
மெய்வழி ஒடுங்கி, பிறையளவில்;
பொய்வழி வீங்கி, அகலமாய்.
இரத்தம் எதையும் விசாரிக்காமல்
இரண்டிலும் போய்க்கொண்டிருந்தது.
பாடப்புத்தகம் வைத்த பெயர்கள்தான் இவை,
நான் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு, அந்த இரண்டு வெள்ளைப் பொட்டு.
ஒன்று தோள்பட்டை எலும்புக்குக் கீழே,
ஒன்று ஐந்தாம் விலாவை ஒட்டி,
சுற்றிலும் முள்முள்ளாய் ஒளி சிதற.
எங்கள் ஊரில் நெஞ்சுப் படம் பார்ப்பவர்கள்
இதற்காக நாற்காலியை முன்னுக்கு இழுப்பதில்லை.
கடைசி வரி விரலுக்கே மனப்பாடம்:
உலோக அந்நியப் பொருள், இரண்டு, பழையவை.
எந்த வருசம், கேட்டேன்.
"தொண்ணூறு. ஆவணி."
எடுக்கேல்லையோ?
"அதுகள் போகக் கேக்கேல்லை, பிள்ளை."

ஸ்டென்ட் கிராப்ட் இரவு ரயிலில் வந்தது.
கொம்பனிப் பெடியன் ஒருவன்
வவுனியா தாண்டியும் கண் அயராமல்
மடியில் வைத்திருந்தானாம்.
முப்பத்திரண்டு மில்லிமீற்றர் விட்டம்,
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய நீளம்.
விலையை ஒருவரும் உரத்துச் சொல்லவில்லை.

டொக்டர் கௌரிதரன் சம்மதப் படிவத்தை வாசித்தார்.
பக்கவாதம் வரலாம்.
கால் இரண்டும் இயங்காமற் போகலாம்.
இடக்கைக்குப் போகும் கிளையின் வாயை
மூடவேண்டி வரும்.
எமிலியானுஸ் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டு
பேனையை இடக்கையால் வாங்கினார்.
"முதல் வந்த இரும்புக்கு
ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை."
மனைவி சிரிக்கவில்லை.

ஈய அங்கியின் பாரத்தில் இடுப்புக் கடுத்தது.
தொடையிடுக்கில் ஒரு துளை.
அதனூடாக மேலே, வயிற்றைக் கடந்து, வளைவில் ஏறி
இதயத்தின் வாசலில் போய் நின்றது கம்பி.
இரத்த அழுத்தத்தை எண்பதுக்கு இறக்கினார்கள்,
கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று
அவசரக்காரரைப் படலையில் மறிப்பதுபோல.
உறையைப் பின்னுக்கு இழுக்க இழுக்க
அது விரிந்தது.
உடம்புச் சூடு பட்டால்
தன் வடிவம் ஞாபகம் வரும் உலோகம் என்று
பெடியன் என் காதுக்குள் சொன்னான்.
நான் திரையின் ஓரத்தில் மற்ற இரண்டையும் பார்த்தேன்.
முப்பது வருசத்துக்கும் மேலாய் அதே சூட்டில் கிடந்தும்
அதுகளுக்கு ஒரு வடிவமும் ஞாபகம் வரவில்லை.

பின்னேரம் மணிக்கொரு தரம் ஒரே கேள்வி:
கால்விரலை ஆட்டுங்கோ.
பெருவிரல் ஆடியது.
மற்றக் கால்.
அதுவும், கொஞ்சம் யோசித்து.
தாதி பத்மலோஜினி கொப்பியில் எழுதினாள்,
அடுத்த மணிக்கு
எழுதியதை நம்பாதவளாய் மறுபடி வந்தாள்.

ஆறு மாதம் கழித்து அதே வளையம்.
மெய்வழி வட்டமாய்த் திறந்து கிடந்தது.
பொய்வழியில் சாயம் ஏறவில்லை,
மங்கல் சாம்பல்.
உறைஞ்சிட்டுது, ஐயா.
"எத்தினை மணித்தியாலம் எடுத்தது?"
பாளத்துக்கு இருபத்துநாலு என்பது அவர் கணக்கு.
எனக்குத் தெரியவில்லை என்றேன்,
உண்மையில் ஆருக்கும் தெரியாது.
இடக்கையை நீட்டினார்.
நாடியைத் தேடவேண்டியிருந்தது,
ஆழத்தில், நூலளவில்.
"குளிருது. ஐஸ் தூக்கின கை,
அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார்,
விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தபடி.

அறிக்கை எழுதினேன்.
உலோக அந்நியப் பொருள், இரண்டு, பழையவை.
மூன்றாவதை அந்த வரியில் சேர்க்கவில்லை.
அதற்குள் கதவு திறந்தது,
ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு பெண்.
உடம்பில் இரும்பு, நகை
ஏதும் இருந்தால் கழற்றுங்கோ என்றேன், வழமைபோல.
காப்பு இரண்டையும் என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:
"மற்றது கழட்டேலாது."